ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பு: பின்னட்டையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஜாஸ் தட்டு சேர்க்கக் கிளம்புகிறவர் கையில் வழக்கமாக ஒரு பட்டியல் இருக்கும். ‘கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள்’ என்கிற வகை. அதை வரிசையாக வாங்கி அடுக்கினால் அலமாரி நிறைந்துவிடும். ஆனால் நூறாவது தட்டு வந்து சேர்ந்த பிறகும் அடுத்து எதை வாங்குவது என்று தெரியாது. காரணம், அதுவரை தேர்ந்தெடுத்ததெல்லாம் வேறு யாரோ.

இங்கே சொல்லப்போகும் வழி வேறு. பெரும்பாலான ஜாஸ் தட்டுகளின் பின்னட்டையில் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்று பெயர் பெயராக அச்சிட்டிருப்பார்கள். பலவற்றில் பதிவான தேதியும், பதிவு செய்த பொறியாளர் பெயரும் உண்டு. அந்தச் சின்ன எழுத்துகளைப் படிக்கப் பழகிவிட்டால் அடுத்த தட்டு எது என்பதை இந்தத் தட்டே சொல்லிவிடும். முதல் பதிப்பு மோகம், அபூர்வப் பொருள் வேட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான். வராமலே போனாலும் நஷ்டமில்லை.

முதல் படி: வாங்குவதற்கு முன் கேளுங்கள்

1940களின் நடுவிலிருந்து 1960கள் வரையிலான சிறு குழு ஜாஸில் பெரும்பகுதிக்கு ஒரே அமைப்புதான். முதலில் மெட்டு வரும். அதை ‘ஹெட்’ என்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள். அது ‘சோலோ’. கடைசியில் மீண்டும் ஹெட். தனி வாசிப்பு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று புதிதாகக் கேட்பவர் நினைப்பார். அடியில் ஒரு கார்ட் வரிசை (கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் என்பது பிடிபட்டால் குழப்பம் போய்விடும். நிரவலில் சாகித்ய வரி மாறாமல் நிற்க, பாடுகிறவர் அதன்மேல் ஸ்வரங்களை மாற்றி மாற்றி விரிப்பாரே, ஏறக்குறைய அதே வேலைதான். ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம் என்றால் அந்தச் சுற்று 12 பார், அதாவது 12 தாளக் கட்டம்; பழைய பாட்டு மெட்டுகளில் பெரும்பாலானவை 32 பார்.

பயிற்சிக்கு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டில் உள்ள ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ போதும். 12 பார் ப்ளூஸ், நிதானமான வேகம். பாருக்கு 4 வீதம் 48 தாள அடி எண்ணினால் ஒரு சுற்று முடியும். முதலில் பியானோவில் வின்டன் கெல்லி, அடுத்து ட்ரம்பெட்டில் மைல்ஸ், அப்புறம் டெனர் சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸஃபோனில் கேனன்பால் ஆடர்லி என்று வரிசையாக வருவார்கள். ஒருமுறை சோலோவை மட்டும் கேளுங்கள். அடுத்த முறை பாஸை, அதாவது ஆளுயர வயலின் போன்ற அந்த வாத்தியத்தை மட்டும். இன்னொரு முறை டிரம்மர் ஜிம்மி காப் தட்டும் சிம்பலை மட்டும். இந்தப் பயிற்சிக்குத் தட்டே வேண்டாம், இணையத்தில் கேட்டால் போதும். தட்டின் மற்ற பாடல்களில் பியானோ வாசிப்பவர் பில் எவன்ஸ். இந்த ஒன்றில் மட்டும் கெல்லி. இருவர் விரலுக்கும் உள்ள வித்தியாசம் காதில் பட்டுவிட்டால் சேகரிப்புக்குத் தயார் என்று அர்த்தம்.

ஒரு ஆல்பத்தை இணையத்தில் கேட்டு, ஒரு வாரம் கழித்தும் அதைத் திரும்பக் கேட்கத் தோன்றினால் மட்டும் தட்டாக வாங்குங்கள். இந்த விதி பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

முன்னட்டையில் பெரிதாகப் பெயர் போட்டிருக்கும் தலைவரைத் தொடர்ந்து போவது எல்லோரும் செய்வது. பின்னட்டையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பெயர் வரும் ஆளைத் தொடர்ந்து பாருங்கள். பாஸ் வாசிப்பவரும் டிரம்மரும் எல்லார் வீட்டிலும் வேலை செய்தவர்கள். அவர்கள் வழியாகப் போனால் ஒரே பாணியில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸை எடுத்துக்கொள்வோம். 1935-இல் பிறந்தவர், 1969 ஜனவரியில் 33 வயதில் இறந்துவிட்டார். 1955-இல் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் சேர்ந்தபோது வயது இருபது. அந்தக் குழு பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுக்க 1956 மே மாதம் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் என்று உட்கார்ந்து வாசித்துத் தள்ளியது. ‘குக்கின்’, ‘ரிலாக்ஸின்’, ‘வொர்க்கின்’, ‘ஸ்டீமின்’ ஆகிய நான்கு ஆல்பங்களின் பெரும்பகுதி அந்த இரண்டு நாள் வேலை. அதே 1956-இல் சானி ராலின்ஸின் ‘டெனர் மேட்னஸ்’ தட்டில் மைல்ஸ் குழுவின் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூவரும் அப்படியே இருக்கிறார்கள். தலைப்புப் பாடலில் கோல்ட்ரேனும் வந்து ராலின்ஸோடு மாறி மாறி வாசிக்கிறார்.

1957 ஜனவரியில் அதே மூவர் கலிஃபோர்னியாவில் ஆர்ட் பெப்பருக்குப் பின்னால் வாசித்தார்கள். கன்டெம்பரரி நிறுவனத்தின் பதிவு. அதே வருடம் செப்டம்பரில் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’. 1958 ஜனவரியில் சானி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’. 1959-இல் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வும், கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டும். பின்னதில் உள்ள ‘மிஸ்டர் பி.சி.’ என்ற பாட்டே இவருக்காக எழுதப்பட்டது. 1961-இல் ஆலிவர் நெல்சனின் ‘தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’. அதில் எரிக் டால்ஃபி இருக்கிறார், பில் எவன்ஸ் இருக்கிறார், டிரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ். இங்கிருந்து டால்ஃபியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் போகலாம், ஹெய்ன்ஸைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகலாம்.

சேம்பர்ஸை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சோலோவுக்குத் திடீரென்று வில்லை எடுத்துவிடுவார். விரலால் மீட்டிக்கொண்டிருந்த பாஸ் சட்டென்று கரகரத்த குரலில் இழுத்து இழுத்துப் பேச ஆரம்பிக்கும். சிலருக்கு அந்த வில் சத்தம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், குறிப்பாக அவர் தலைவராக இருந்து 1957-இல் பதிவு செய்த ‘பாஸ் ஆன் டாப்’ தட்டில்.

ஆள் வாத்தியக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரூடி வான் கெல்டர் என்ற பொறியாளரைத் தொடர்ந்தும் போகலாம். பகலில் கண் பரிசோதகர் வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் இசை பதிவு செய்தவர். 1959-இல் பக்கத்திலுள்ள எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். ப்ளூ நோட், பிரெஸ்டீஜ், சவாய், இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அவரே வேலை செய்தார். பொறியாளர் ஒருவரே என்றாலும் ப்ளூ நோட் தட்டும் பிரெஸ்டீஜ் தட்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. ப்ளூ நோட் ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தது. பிரெஸ்டீஜில் நேராக வந்து வாசித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். முதலாவதில் ஹெட் கச்சிதமாக இருக்கும். இரண்டாவதில் சோலோ அவிழ்த்துவிட்டபடி ஓடும். இரண்டும் வேண்டும்.

மூன்றாம் படி: தட்டு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917-இல் வெளிவந்தது. அப்போதிருந்து 1940களின் இறுதிவரை எல்லாம் நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும், ஷெல்லாக் என்ற அரக்கில் செய்த தட்டுகள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928-இல் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ அந்த மூன்று நிமிடக் கணக்குக்குள் செதுக்கியது. 1942 ஆகஸ்ட் முதல் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு நிறுத்தம் அறிவித்தது. பெரிய நிறுவனங்களோடு சமரசம் ஆக 1944 நவம்பர் ஆகிவிட்டது. பீபாப் என்ற புது ஜாஸ் பாணி உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பிறப்பு தட்டில் பெரும்பாலும் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

78-ஐ உணர்ச்சிவசப்பட்டு வாங்காதீர்கள். அதற்குத் தனி முள் வேண்டும், கைதவறினால் உடையும். அந்தக் காலத்து இசையை, பின்னால் வந்த நீண்ட நேரத் தட்டான எல்.பி.யின் நல்ல தொகுப்புகளில் கேட்பதே புத்திசாலித்தனம்.

1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33 1/3 சுற்றும் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததும் ஜாஸில் சோலோக்கள் நீண்டன. 1950களின் நடுப்பகுதிவரை பத்து அங்குல எல்.பி.கள் வந்தன, பிறகு பன்னிரண்டு அங்குலமே வழக்கமாகிவிட்டது. ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது 1958 வாக்கில். அதன்பின் பத்து வருடம் போல ஒரே ஆல்பம் மோனோ (ஒரே ஒலித்தடம்), ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என இரண்டு விதமாகவும் வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. மோனோவில் பதிவான பழைய இசையை 1960களில் செயற்கையாக இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்றார்கள். அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு ஃபார் ஸ்டீரியோ’ என்றோ அதை ஒட்டிய வாசகமோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கிணற்றடிக் குரல்தான் கேட்கும்.

நான்காம் படி: கருவி

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். வேகம் சீராக உள்ள டர்ன்டேபிள், முள் அழுத்தத்தைச் சரிசெய்ய வசதியுள்ள டோன்ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை), மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்தியிருக்கும் சிறு பாகம்), அதன் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். பெட்டி மாதிரி மூடித் திறக்கும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் அழுத்தத்தை மாற்றவே முடியாது. நல்ல தட்டை அதில் போடாதீர்கள்.

முள் அழுத்தம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2.5 கிராமுக்குள் வரும். அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து இன்னும் குறைப்பவர்கள் உண்டு. அப்போது முள் பள்ளத்தில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்துச் சுவரைச் சிதைக்கும். தேய்ந்த முள்ளும் அதே வேலையைச் செய்யும். பழைய டர்ன்டேபிள் வாங்கினால் முதல் செலவு புது முள்.

மோனோ தட்டுகள் நிறைய சேர்ந்தால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருப்பது பெரிய வசதி. இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தாலே மேற்பரப்பு இரைச்சல் கணிசமாக அடங்கும். ஆனால் அந்தக் காலத்து மோனோ கார்ட்ரிட்ஜைக் கொண்டு ஸ்டீரியோ தட்டை வாசிக்கக் கூடாது. அவற்றில் பலவற்றின் முள் மேலும் கீழும் அசையாது, பள்ளத்தை உழுதுவிடும்.

ஐந்தாம் படி: ஒரு தட்டின் வயதைப் படிப்பது

சேகரிப்பில் துப்பறியும் வேலை இதுதான், எனக்கு மிகப் பிடித்ததும். அட்டையில் இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள். அது இசை பதிவான அல்லது முதலில் வெளியான வருடமாக இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது இருபது வருடம் கழித்து ஆலையில் அழுத்தி (அச்சிட்டு) எடுத்த தட்டாக இருக்கலாம். பார்க்க வேண்டிய இடம் இரண்டு: நடுவிலுள்ள காகித லேபிள், அதற்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் இசை இல்லாமல் வழவழப்பாக இருக்கும் வளையம். அந்த வளையத்தில் எண்களும் கையால் கீறிய குறிகளும் இருக்கும்.

ப்ளூ நோட்டை வைத்துப் பார்ப்போம். 1939-இல் ஆல்ஃப்ரெட் லயன் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இது. 1950களின் லேபிளில் முதலில் ‘767 லெக்சிங்டன் அவென்யூ’ என்ற முகவரி, பிறகு ‘47 வெஸ்ட் 63’ முகவரி, 1960களின் தொடக்கத்தில் முகவரி போய் ‘நியூயார்க், யு.எஸ்.ஏ.’ மட்டும். நிறுவனம் கைமாறிய பிறகு 1966 முதல் ‘எ டிவிஷன் ஆஃப் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ்’ என்று சேர்ந்துகொண்டது.

இத்தோடு முடிந்தால் சுலபம். ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள்களை வீணாக்காமல் ஒட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் ஒரு முகவரி, மறுபக்கம் வேறு முகவரி என்று இருக்கும் தட்டுகளும் உண்டு. அதனால் லேபிளோடு நிற்காமல் வளையத்துக்கு வாருங்கள். தட்டை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் காது மடல் போன்ற சின்னக் குறி மின்னும். பிளாஸ்டிலைட் என்ற தொழிற்சாலை தன் பெயரின் முதல் எழுத்தைச் சாய்த்து எழுதிய குறி அது; சேகரிப்பாளர்கள் ‘காது’ என்றே சொல்வார்கள். லிபர்ட்டி கைக்குப் போன பிறகு தட்டுகள் வேறு ஆலைகளில் அழுத்தப்பட்டன, காது இல்லை. ஆகவே லேபிள் பழைய நியூயார்க் லேபிளாக இருந்து காது இல்லையென்றால், அது பெரும்பாலும் லிபர்ட்டி காலத்தில் பழைய லேபிளை ஒட்டி விற்றது. பக்கத்திலேயே ‘ஆர்.வி.ஜி.’ என்றோ ‘வான் கெல்டர்’ என்றோ இருந்தால், அந்த மாஸ்டரை, அதாவது தட்டுகளை அழுத்துவதற்கான மூலத் தட்டை, அவரே வெட்டினார் என்று பொருள். பிந்திய பதிப்புகள் சிலவற்றிலும் அவர் வெட்டிய மாஸ்டரையே பயன்படுத்தியிருக்கிறார்கள். காது இல்லாவிட்டாலும் அந்த மூன்றெழுத்து இருக்கும் தட்டு நல்ல வாங்கல்.

மற்ற நிறுவனங்களுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. கொலம்பியாவின் 1950களின் பிற்பகுதி லேபிளில் ஓரமாக ஆறு கண் சின்னங்கள் இருக்கும். பிரெஸ்டீஜின் மஞ்சள் லேபிளில் முதலில் நியூயார்க் முகவரி, பிறகு நியூ ஜெர்சியின் பெர்கன்ஃபீல்ட். இம்பல்ஸ் தட்டை அலமாரியில் தூரத்திலிருந்தே ஆரஞ்சும் கறுப்புமான முதுகை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். டிஸ்காக்ஸ் என்ற தரவுத்தளத்தில் வளையத்து எண்ணைத் தட்டினால் எந்தப் பதிப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அங்குள்ள விவரங்கள் பயனர்களே ஏற்றியவை என்பதால், எல்லாம் பொருந்துகிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எந்தப் பதிப்பை வாங்குவது

முதல் பதிப்பே உண்மையான பதிப்பு என்பது சேகரிப்பாளர்களின் பழைய நம்பிக்கை. இதை ஆட்டம் காணவைக்க ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஒன்றே போதும். 1959 மார்ச் 2-ஆம் தேதி பதிவின்போது பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது சுருதி ஏறிவிட்டது. முதல் பக்கத்திலுள்ள மூன்று பாட்டும் அப்படித்தான் பல பதிற்றாண்டுகள் விற்றன. மாற்றாக ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் டேப்பை வைத்து 1992-இல்தான் திருத்தினார்கள். ஆரம்பப் பிரதிகளில் இரண்டாம் பக்கப் பாட்டுகளின் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன. அதிகம் துரத்தப்படும் முதல் பதிப்பில்தான் சுருதியும் பிசகு, பெயரும் பிசகு. அதற்காக அது வேண்டாம் என்பதில்லை, எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கேட்பதற்கு வாங்குகிறவருக்கு என் சிபாரிசு இந்த வரிசையில். பிரெஸ்டீஜ், ரிவர்சைட், கன்டெம்பரரி ஆகிய மூன்று நிறுவனங்களையும் ஃபேன்டசி நிறுவனம் வாங்கி, 1980களில் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ என்ற வரிசையில் பழைய அட்டையோடே மறுபதிப்பு செய்தது. அலட்டல் இல்லாத, நல்ல தட்டுகள்; புதியவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. அடுத்தது ஜப்பானியப் பதிப்புகள். ப்ளூ நோட் தட்டுகளை 1970களின் பிற்பகுதியில் கிங் நிறுவனமும் 1980களில் தோஷிபாவும் வெளியிட்டன. மேற்பரப்பு அமைதியாக இருக்கும், அட்டையைச் சுற்றி ‘ஓபி’ என்ற காகிதப் பட்டை இருக்கும். பழைய உரிமையாளர்கள் ஒழுங்காக வைத்திருந்ததால் நிலைமையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மூன்றாவது, 2019-இல் ப்ளூ நோட் தொடங்கிய ‘டோன் போயட்’ வரிசை. ஜோ ஹார்லி மேற்பார்வையில் கெவின் கிரே அனலாக் மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டுகிறார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஐரோப்பிய மலிவுப் பதிப்புகளிடம். ஐரோப்பாவில் இசைப்பதிவின் உரிமை முன்பு 50 வருடம். 2013-இல் அதை 70 ஆக்கியபோது ஏற்கனவே காலாவதியானவை திரும்பவில்லை. ஆகவே 1963-க்கு முன் வெளியான ஜாஸ் முழுவதும் அங்கே யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். சட்டப்படி தவறில்லை. ஆனால் மாஸ்டர் டேப் அவர்கள் கையில் இல்லை. பல சமயம் குறுந்தட்டிலிருந்து எடுத்துத்தான் தட்டாக்குகிறார்கள். மூலம் எது என்று அட்டையில் எங்குமே சொல்லாமல், ‘180 கிராம்’ என்பதை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். கனத்துக்கும் ஒலிக்கும் பெரிய சம்பந்தமில்லை.

ஏழாம் படி: பழைய தட்டைச் சோதிப்பது

விற்பவர்கள் பெரும்பாலும் கோல்ட்மைன் இதழ் வகுத்த தர அளவைச் சொல்வார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘குட்’ என்றால் மோசம் என்றே எடுத்துக்கொள்ளலாம். ‘வெரி குட் பிளஸ்’ வரை நிம்மதியாகக் கேட்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு, ஒரே ஒரு விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் உறையில் உரசியதால் வந்தவை. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெரும்பாலும் காதில் விழாது. கீறலின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று கேட்கும். கீறலே இல்லாமல் பள்ளம் மட்டும் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால் அது இன்னும் மோசம். கனமான முள்ளில் ஓட்டி ஓட்டித் தேய்ந்த தட்டு அது, ட்ரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடத்தில் பிசிறடிக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திக்கால் மாதிரி கோடுகள் நிறைய இருந்தால் அடிக்கடி ஓடிய தட்டு. பிறகு தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பைப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். அட்டையை முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை வீசினால் வேண்டாம். வீட்டிலுள்ள மற்ற அட்டைகளுக்கும் அது பரவும்.

வாசித்துப் பார்க்க அனுமதித்தால் பியானோ நீண்டு ஒலிக்கும் மெதுவான பாட்டின் கடைசி நிமிடத்தைக் கேளுங்கள். துளை மையம் தப்பியிருந்தால் ஸ்வரம் அலையும். பக்கத்தின் இறுதிப் பகுதியில்தான் தேய்மானமும் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அஞ்சலில் வரவழைத்தால், தட்டை அட்டைக்கு வெளியே தனி உறையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்தால் பயணக் குலுக்கலில் அட்டையின் ஒட்டிய விளிம்பு கிழியும்.

எட்டாம் படி: கழுவுவது, அடுக்குவது

பழைய தட்டு எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் முதல்முறை போடுவதற்கு முன் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீரில் தட்டுக்கான சோப்புக் கரைசல் சில துளி, மென்மையான தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பு, பிறகு வெறும் நீரில் அலசல், நிற்கவைத்து உலர்த்தல். லேபிளில் ஈரம் படக்கூடாது. கரைசலில் ஆல்கஹால் இருந்தால் அதை 78 தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஷெல்லாக் கரைந்துவிடும். தினசரி உபயோகத்துக்குக் கார்பன் நார்த் தூரிகை போதும்.

பழைய உள்ளுறையைத் தூக்கி எறியாமல் அட்டைக்குள்ளேயே தனியாக வையுங்கள், தட்டைப் புது உறைக்கு மாற்றுங்கள். பி.வி.சி. உறைகள் நாளாக ஆகத் தட்டின்மேல் மங்கல் படியவைக்கும். பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் தேர்ந்தெடுங்கள். புதுத் தட்டின்மேல் இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள். அது மேலும் சுருங்கித் தட்டை வளைக்கும்.

எப்போதும் செங்குத்தாக, சாயாமல், நெரிக்காமல், வெயில் படாமல் அடுக்குங்கள். நூறு எல்.பி. ஏறத்தாழ 25 கிலோ. புத்தக அலமாரிப் பலகை இந்தக் கனத்துக்குத் தொய்ந்துவிடும், குறுக்குத் தடுப்பு அவசியம்.

வரிசைப்படுத்துவதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தலைவர் பெயர் அகரவரிசை, ஒருவருக்குள் பதிவு தேதி வரிசை. நிறுவனவாரியாக அடுக்கினால் பார்க்க அழகு, தேட நரகம். கணினியில் ஒரு அட்டவணை வைத்து ஆல்பம், பதிவு தேதி, பதிப்பு, வளையத்து எண், நிலைமை ஆகியவற்றோடு எல்லா வாத்தியக்காரர் பெயரையும் எழுதுங்கள். ஐம்பது தட்டு சேர்ந்ததும் அந்தப் பெயர் நிரலைத் தேடிப் பாருங்கள். நீங்கள் தேடியே போகாத ஒரு டிரம்மர் ஏழெட்டு தட்டில் ஒளிந்திருப்பார். அடுத்த வேட்டைக்கு ஆள் கிடைத்தாயிற்று.

பக்கவாட்டு ஆசைகள்

தட்டு சேர்க்கிறவருக்கு வேறு சில பழக்கங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். முதலாவது அட்டைக்கலை. 1940வாக்கில் கொலம்பியாவில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவியம் வரையத் தொடங்கும்வரை தட்டு உறை வெறும் பழுப்புக் காகிதம். நார்மன் கிரான்ஸ் தயாரித்த தட்டுகளுக்கு டேவிட் ஸ்டோன் மார்ட்டின் கோட்டோவியம் வரைந்தார். ப்ளூ நோட்டில் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த புகைப்படங்களைக் கத்தரித்து, எழுத்துகளோடு விளையாடியவர் ரீட் மைல்ஸ். கிடாரிஸ்ட் கென்னி பரலின் சில அட்டைகளை வரைந்தவர் ஓவியர் ஆண்டி வார்ஹால், புகழ்பெறுவதற்கு முன். இசை சுமாராக இருந்தாலும் அட்டைக்காக ஒன்றிரண்டு வாங்கலாம், குற்றமில்லை.

இரண்டாவது, வெளிவராத பதிவுகளின் கதை. ப்ளூ நோட் கிடங்கில் பதிவாகி அப்படியே தூங்கிய டேப்களைத் தேடி எடுத்தவர் மைக்கேல் கஸ்குனா. அவரும் சார்லி லூரியும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த மொசைக் நிறுவனம் முழுத் தொகுப்புகளைக் குறைந்த எண்ணிக்கையில் பெட்டியாக வெளியிட்டது. ஒரு கலைஞரை முழுதாகப் படிக்க அந்தப் பெட்டிகளோடு வரும் குறிப்பேடுகளே தனி வாசிப்பு.

மூன்றாவது, கூட்டாகக் கேட்பது. விமர்சகர் லெனர்ட் ஃபெதர் 1940களில் மெட்ரோனோம் இதழில் ஒரு பகுதி தொடங்கிப் பிறகு டவுன்பீட் இதழுக்குக் கொண்டுபோனார்: இசைக்கலைஞருக்குப் பெயர் சொல்லாமல் தட்டைப் போட்டு, யார் வாசிக்கிறார் என்று கேட்பது. நண்பர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால் வீட்டிலேயே நடத்தலாம். அட்டையை ஒளித்துவையுங்கள். ஒரு மாலைக்கு ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம். பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது, தட்டு போடுகிறவர் முகத்திலும் எதையும் காட்டக்கூடாது. முதலில் எந்தக் காலம் என்று கேளுங்கள், அப்புறம் எந்த ஊர்ப் பதிவு, எந்த நிறுவனம், கடைசியில்தான் ஆள். பெயரைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு மதிப்பெண், பாஸ் வாசித்தவரைச் சொன்னவருக்கு மூன்று.